வளவுக்கு வரும் அழுங்கு

1996இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் கொட்டில் போட்ட நம்மிற் பலர், கிடுகையும் தடியையும் கறையான் அரித்ததை மறக்கவில்லை. அந்தக் கறையானையும் எறும்பையும் தின்றே வாழ்வது அழுங்கு. அதற்குப் பல்லில்லை. பயந்தால் ஓடாது, பந்தாகச் சுருளும். அதனாலேயே எளிதிற் பிடிபடுகிறது. பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான். அதைப் பிடிப்பதும் இறைச்சியாக்குவதும் சட்டப்படி குற்றம்.

வளவோரத்துப் புற்றை இடிக்காது விடுவோம். குப்பைக்குத் தீ வைக்குமுன் கிளறிப் பார்ப்போம். இரவில் நாயைக் கட்டி வைப்போம். கட்டில்லாத கிணற்றைச் சுற்றி அடைப்போம். வேலியிற் சுருக்கு வைக்காதிருப்போம். சுருண்டு கிடந்தால் தொடாமல் விலகி நிற்போம். தானே விரிந்து போய்விடும்.

கொட்டிலுக்கு இடம் தேடி அலைந்த நமக்கு, வளவில் ஒரு மூலையை அதற்கு விடுவது பெரிய காரியமல்ல.