இருட்டுத் திரையிலும் படம் உண்டு

கம்ப்யூட்டரில் விசிறி சுற்றுகிறது, ஸ்பீக்கரில் தொடக்க ஓசைகூடக் கேட்கிறது. மானிட்டர் மட்டும் கறுப்பாகவே கிடக்கிறது. 'டிஸ்பிளே போச்சு' என்று முடிவுகட்டும் முன் அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் திரையை ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சில மானிட்டர்களில் அந்த வெளிச்ச வட்டத்துக்குள் ஐகான்கள் மங்கலாகத் தெரியும். மவுஸை அசைத்தால் அம்புக்குறியும் நகரும். படம் அங்கேயேதான் இருக்கிறது. அணைந்துபோனது அதற்குப் பின்னால் எரிய வேண்டிய விளக்கு.

எல்சிடி திரை தானாக ஒளிர்வதில்லை. அதன் பின்புறம் எல்இடி விளக்குகள் வெள்ளையாக எரிந்துகொண்டே இருக்கும். அந்த வெளிச்சத்தை எந்த இடத்தில் எவ்வளவு விடுவது என்பதை முன்னால் உள்ள திரவப் படிக அடுக்கு தீர்மானிக்கிறது. அடுக்கின் இருபுறமும் தளவிளைவுத் தாள்கள். ஒன்று ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும்; மற்றது அதற்குச் செங்குத்தான திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும். இரண்டையும் ஒளி தாண்ட வேண்டுமானால், நடுவிலுள்ள படிகம் அதன் அதிர்வுத் திசையைத் திருப்பிவிட வேண்டும். மின்னழுத்தம் மாறினால் அந்தத் திருப்பமும் மாறும். போலராய்டு கண்ணாடி அணிந்து திரையைப் பார்த்தபடி தலையை மெல்லச் சாய்த்தால், ஏதோ ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடுவதும், வெளிவரும் ஒளி ஒரே திசையில் அதிர்வதால்தான்; அந்தக் கண்ணாடியும் இப்படியொரு தாள்தான்.

இந்தப் படிகத்தின் கதை கேரட்டில் தொடங்குகிறது. 1888-இல் பிராக் நகரில் தாவரவியலாளர் ஃபிரெட்ரிக் ரைனிட்சர், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிராலின் சேர்மம் ஒன்றைச் சூடாக்கினார். 145.5 டிகிரி செல்சியஸில் அது உருகிக் கலங்கலானது, 178.5 டிகிரியில் திடீரென்று தெளிந்தது. ஒரே பொருள் இரண்டு முறை உருகுவதா? வியந்துபோன அவர் இயற்பியலாளர் ஓட்டோ லேமனுக்குக் கடிதம் எழுதினார். திரவம்போல் ஓடும், ஆனால் படிகம்போல் ஒளியை நடத்தும் அந்த விசித்திர நிலைக்குத் திரையில் வேலை கிடைக்க 80 ஆண்டுகள் ஆயின. இன்று சாதாரண முழு எச்டி மானிட்டரில் 20,73,600 பிக்சல்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கதவுகள். ஆக 62 லட்சத்துக்கும் மேற்பட்ட கதவுகள், பெரும்பாலும் நொடிக்கு 60 முறை, சொன்ன அளவுக்குச் சரியாகத் திறக்கின்றன. இத்தனையும் பிசகாமல் நடப்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

பிசகும்போது, எங்கே பிசகியது என்பதைப் பெரும்பாலும் திரையே காட்டிக்கொடுக்கும். பழைய விஜிஏ கேபிளில் மூன்று நிறங்களுக்கும் தனித்தனிக் கம்பிகள். வெள்ளைப் பக்கம் பளிச்சென்று மஞ்சளானால் நீலக் கம்பியின் இணைப்பு விட்டிருக்கலாம். திரையில் மஞ்சள் ஒளி என்று தனியாக ஒன்று கிடையாது. சிவப்பும் பச்சையும் சேர்ந்து கண்ணுக்குள் நுழைவதை நம் மூளை மஞ்சளாக எடுத்துக்கொள்கிறது. செல்போன் திரையில் ஒரு பொட்டு நீர்த்துளி வைத்து உற்றுப் பாருங்கள், துளி லென்ஸாகி அந்த மூன்று நிறங்களையும் பிரித்துக் காட்டும்.

எழுத்துகள் திடீரென்று பெரிதாகி மங்கினால் அது வேறு கதை. மானிட்டரைச் செருகியதும், தன் பெயர், தன்னால் காட்ட முடிந்த அளவுகள் முதலியவற்றைக் குறைந்தது 128 பைட் தகவலாக அது கம்ப்யூட்டருக்குத் தருகிறது. கேபிளில் கோளாறு இருந்து இந்த அறிமுகம் போய்ச்சேராவிட்டால், கம்ப்யூட்டர் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சிறிய அளவிலேயே படத்தை அனுப்பும். டிரைவர் கெட்டிருந்தாலும் இப்படி ஆகும். கேபிளை மாற்றிப் பார்ப்பதே முதல் வேலை.

கோடுகளும் கட்டங்களும் தெரிந்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் செல்போனுக்கு அனுப்பிப் பாருங்கள். அது, படம் கேபிளுக்கு வரும் முன்பே, கம்ப்யூட்டரின் நினைவகத்திலிருந்து எடுக்கப்படுவது. போனில் பார்க்கும்போதும் கோடு இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டையோ டிரைவரையோ சந்தேகிக்கலாம். படம் சுத்தமாக இருந்தால் குறை பெரும்பாலும் கேபிளில் அல்லது மானிட்டரில். அதையும் பிரிக்க வழியுண்டு. மானிட்டரின் பொத்தானை அழுத்தினால் வரும் மெனுவை மானிட்டருக்குள் இருக்கும் சிப்பே வரைகிறது. அந்த மெனுவின் மேலும் கோடு ஓடினால் குறை மானிட்டருக்குள்தான், பெரும்பாலும் பேனலில். பேனல் போயிருந்தால் செலவு புது மானிட்டர் விலையை நெருங்கிவிடும். நான் பழுதுபார்க்கச் சொல்லமாட்டேன்.

டார்ச் வெளிச்சத்தில் படம் தெரிந்திருந்தால் நிலைமை வேறு. பேனல் நன்றாக இருக்கிறது. எல்இடி பட்டையோ அதற்கு மின்சாரம் தரும் பலகையோதான் பழுது. சர்வீஸ் கடையில் இதைச் சொல்லியே கொடுங்கள், முழு பேனலையும் மாற்றத் தேவையிருக்காது. வீட்டில் நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள மின்தேக்கிகளில் ஆபத்தான அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கலாம்.