பூமியின் கணக்கு இனி இலவசம்

கொல்கத்தாவில் குவிந்த நிலவியல் வரைபடங்கள் இணையத்தில் திறந்துவிடப்பட்டுள்ளன. மலைச்சரிவில் குடியிருப்பவரை அவை எட்டுவதுதான் பாக்கி.

கொல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. இந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிதான் நகரத்தை நிறுவியவர் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 2003இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்தப் பெருமையைப் பறித்துவிட்டது. ஆனால் பாறையில் பதிந்த அவர் பெயரை யாராலும் அழிக்க முடியவில்லை. கல்லறைமீது பதித்திருந்த கருங்கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893இல் அதற்கு ‘சார்னோகைட்’ என்று பெயரிட்டார். அது சென்னையை அடுத்த பல்லாவரம் பகுதியிலிருந்து வந்த கல்.

ஹாலண்ட் பணியாற்றியது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் (ஜி.எஸ்.ஐ.). தமிழகத்துக் கல் மட்டுமா கொல்கத்தா போனது? தமிழகப் பாறைகளைப் பற்றிய குறிப்புகளும் வரைபடங்களும் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. நாட்டின் மற்ற பகுதிகளுக்கும் இதே கதைதான்.

அன்று சௌரங்கி, இன்று ஜவாஹர்லால் நேரு சாலை. அங்கே இந்திய அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் ஜி.எஸ்.ஐ. தலைமையகம். துறை பிறந்ததற்குக் காரணம் நிலக்கரி. நீராவிக் கப்பல்களுக்கு எரிபொருள் தேடிய கம்பெனி, டேவிட் வில்லியம்ஸ் என்ற நிலவியலாளரை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது. அவர் காட்டுக் காய்ச்சலுக்கு 1848இல் பலியானார். 1851இல் தாமஸ் ஓல்தம் வந்து பொறுப்பேற்றார். துறையின் வயது அன்றிலிருந்து கணக்கிடப்படுகிறது. நூறாண்டுக்குப் பின், 1951இல், அதன் முதல் இந்திய இயக்குநரானவர் ஒரு தமிழர்: எம்.எஸ். கிருஷ்ணன்.

இத்தனை காலம் சேர்த்த தகவலைப் பார்ப்பது மட்டும் எளிதாக இருக்கவில்லை. அச்சிட்ட வரைபடத்தை விலை கொடுத்து வாங்க வேண்டும். வயல் ஆய்வு அறிக்கைகள் அலுவலகங்களில் அடுக்கிக் கிடந்தன. சர்வே ஆப் இந்தியாவின் நிலப்பட விதிகள் இன்னொரு தடை. கடற்கரையையும் நில எல்லையையும் ஒட்டிய சுமார் 80 கி.மீ. அகலப் பட்டைக்கான படங்கள் பாதுகாப்புக் காரணத்துக்காகப் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டன. சென்னை முழுவதும் அந்தப் பட்டைக்குள் அடக்கம். அமெரிக்காவிலோ மத்திய அரசு ஊழியர் தயாரிக்கும் நிலவியல் படத்துக்குக் காப்புரிமையே கிடையாது, யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

பூட்டு மெல்லத்தான் திறந்தது. 2005இல் தேசிய நிலப்படக் கொள்கை, பொதுமக்களுக்கும் ராணுவத்துக்கும் தனித்தனி வரைபடங்கள் என்று பிரித்தது. 2016இல் தேசிய கனிமத் தேடல் கொள்கை, அடிப்படை நிலவியல் தகவல்களை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. 2021 பிப்ரவரியில் புவிசார் தகவல் விதிகள் பெருமளவு தளர்ந்தன. ஜி.எஸ்.ஐ.யின் ‘பூகோஷ்’ இணையதளத்தில் பெயரைப் பதிவு செய்தால் போதும். பாறை, கனிமம், நிலச்சரிவு பற்றிய படங்களைப் பைசா செலவில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். 2023 டிசம்பர் 19 அன்று தேசிய நிலவியல் தகவல் களஞ்சியமும் தொடங்கப்பட்டது.

இதெல்லாம் யாருக்காக? கொள்கையின் பெயரிலேயே பதில் இருக்கிறது: கனிமத் தேடல். எங்கே தோண்டலாம் என்று முதலீட்டாளருக்குச் சொல்வதே முதல் நோக்கம். அதில் தவறில்லை. ஆனால் தோண்டப்படும் நிலத்தில் வாழ்பவருக்கும் அதே தகவல் வேண்டும். 2024 நவம்பரில் மதுரை மாவட்டம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலம் போன செய்தி, மேலூர் பகுதி மக்களைத் திடுக்கிடவைத்தது. ஜி.எஸ்.ஐ. ஆய்வு செய்த அந்தப் பரப்பில் பல்லுயிர் பாரம்பரியத் தலமான அரிட்டாபட்டியும் இருந்தது. போராட்டம் வெடித்தது, சட்டசபை தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. காலடியில் என்ன இருக்கிறது என்பது கம்பெனிக்குத் தெரிந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

மலைச்சரிவுகளில் இந்தத் தாமதம் உயிரையே பறிக்கும். 2014இல் ஜி.எஸ்.ஐ. தொடங்கிய நிலச்சரிவு வரைபடத் திட்டம், நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 12.6 சதவீதத்தை அபாயப் பகுதியாகக் கணக்கிட்டது. தினசரி முன்னறிவிப்பு 2020இல் இரண்டு மாவட்டங்களில் சோதனையாக ஆரம்பித்தது. ஒன்று மேற்கு வங்கத்தின் டார்ஜீலிங், மற்றொன்று நீலகிரி. 2009 நவம்பரில் 40க்கும் மேற்பட்டோரை மண்ணுக்குப் பறிகொடுத்த மாவட்டம் அது. 2024 ஜூலை 19 அன்று கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் திறக்கப்பட்டது. கூடவே இணையதளமும் கைப்பேசிச் செயலியும் வந்தன.

பதினோரு நாளில் வயநாடு. முண்டக்கையிலும் சூரல்மலையிலும் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜி.எஸ்.ஐ. அந்த நாட்களுக்குப் பச்சை நிற அறிவிப்புதான் தந்தது என்று முதல்வர் பினராயி விஜயன் குற்றம்சாட்டினார். கேரளத்தில் முன்னறிவிப்பு இன்னும் சோதனைக் கட்டத்தில்தான் இருந்தது என்பது துறையின் விளக்கம்.

தகவல் இலவசமாகிவிட்டதால் மட்டும் அது பயன்பட்டுவிடாது என்பதே இதன் பாடம். நிலச்சரிவுப் படம் 1:50,000 அளவில் வரையப்படுகிறது. அதாவது படத்தில் ஒரு சென்டிமீட்டர், தரையில் 500 மீட்டர். பத்து மீட்டர் அகல வீடு அதில் கால் மில்லிமீட்டர்கூட வராது. எந்தத் தாலுகாவில் கவனம் வேண்டும் என்று கலெக்டருக்கு அது சொல்லும். எந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லாது. அதற்குப் பெரிய அளவில் வரைந்த படமும், அந்தந்தச் சரிவில் மழைமானியும் வேண்டும்.

மொழி இன்னொரு சுவர். படத்தின் குறிப்புகள் ஆங்கிலத்தில், நிலவியலாளருக்கே உரிய சொற்களில் இருக்கின்றன. டார்ஜீலிங் தேயிலைத் தோட்டத் தொழிலாளி பேசுவது நேபாளி. குன்னூர் லைன் வீட்டில் இருப்பவர் பேசுவது தமிழ். கோப்புகளை இறக்கித் திறப்பதற்கோ தனி மென்பொருளும் பயிற்சியும் தேவை.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்களல்ல. அபாயப் பகுதிப் படத்தைப் பஞ்சாயத்து வாரியாக வெட்டி, அந்த ஊர் மொழியில் அச்சிட்டு, ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் ஒட்டலாம். கனிம ஏலத்துக்கு முன் அதே படத்தைக் கிராம சபையில் வைக்கலாம். வீடு கட்ட அனுமதி கேட்டு வருபவருக்கு அவருடைய சர்வே எண் எந்த வண்ணத்தில் விழுகிறது என்று காட்டலாம்.

பல்லாவரத்துக் கல் கொல்கத்தா போய்ப் பெயர் பெற்றது. அந்தக் கல்லின் கணக்கு இப்போது இணையத்தில் இருக்கிறது. அது கோத்தகிரி பஞ்சாயத்து அலுவலகச் சுவருக்கு வந்து சேர வேண்டும், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள்.