கல்லூரிகள் பெருகின, பாய்லருக்கு ஆள் இல்லை

தஞ்சாவூரிலிருந்து எந்தச் சாலையில் பத்து மைல் போனாலும் காலை எட்டு மணிக்கு ஒரு பொறியியல் கல்லூரிப் பேருந்து எதிரே வருகிறது. அதே சாலையோரத்து அரிசி ஆலைக்குள் நுழைந்து முதலாளியைக் கேட்டுப் பாருங்கள். பாய்லர் பார்க்கச் சான்றிதழ் உள்ள ஆள் கிடைக்கவில்லை, மோட்டாருக்குக் காயில் கட்ட ஆள் இல்லை, சார்டெக்ஸ் பழுதானால் வெளியூரிலிருந்து மெக்கானிக் வரவேண்டும் என்பார். இரண்டும் ஒரே மாவட்டத்தில் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன என்று நம்மைப் போன்ற வியாபாரிகள்தான் முதலில் யோசிக்க வேண்டும். இயந்திரம் நின்றாலும் கூலி நிற்பதில்லை, வட்டியும் நிற்பதில்லை.

நம் டெல்டாவில் தொழிற்கல்வி மெதுவாகத்தான் வந்தது. செட்டிநாட்டு வணிகக் குடும்பத்தில் பிறந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டார். அங்கே பொறியியல் வகுப்பு வந்தது 1945இல். திருச்சியில் 1952இல் சேஷசாயி தொழில்நுட்ப நிலையமும், 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியும் வந்தன. நாகப்பட்டினத்தில் வலிவலம் தேசிகர் பாலிடெக்னிக் இருந்தது. இவற்றை விட்டால் வசதியுள்ளவர் பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும் போனார்கள். மற்றவர்கள் பட்டறையில் எடுபிடியாக நின்று தொழில் கற்றார்கள்.

ஐ.டி.ஐ. என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் நல்ல மதிப்பு இருந்தது. மத்திய அரசின் கைத்தொழிலாளர் பயிற்சித் திட்டம் 1950இல் தொடங்கியது. 1960களில் திருச்சியில் பாய்லர் தொழிற்சாலை (பெல்) வந்தபோது பிட்டரும் வெல்டரும் படித்தவனுக்குப் பெண் கொடுக்கப் போட்டி இருந்தது. படிப்புக்கு எதிரே வேலை கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான் காரணம்.

கடைக்காரர்களுக்கு வேண்டிய படிப்பும் அன்று இருந்தது. நான் 1977இல் பழைய பதினோராம் வகுப்பு முடித்து அப்பாவுடன் மண்டியில் உட்கார்ந்தேன். அடுத்த ஆண்டே மேல்நிலைக் கல்வி வந்தது, அதோடு தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. கணக்குப்பதிவும் தணிக்கையும் அதில் ஒரு பாடம். அந்தப் பிரிவில் படித்து வந்த பையன்களுக்குச் சிட்டா, பேரேடு, ஐந்தொகை என்று சொன்னால் புரியும். மாலையில் டைப்ரைட்டிங் லோயரோ ஹையரோ முடித்திருப்பார்கள். எங்கள் மண்டியில் அப்படி வந்த ஒருவர் விற்பனை வரி, வாட், 2017இல் வந்த ஜி.எஸ்.டி. என்று மூன்று வரிகளையும் பார்த்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். இப்போது பல பள்ளிகளில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றதும் வேறு ஆள் போடாமல் பிரிவையே மூடிவிட்டார்கள். கணக்குப்பிள்ளை கிடைக்கவில்லை என்று நம் கூட்டங்களில் எழும் புலம்பலின் ஒரு நுனி அங்கே இருக்கிறது.

வேகம் பிடித்தது 1980க்குப் பிறகு. வல்லத்தில் 1980இல் பெண்களுக்கென்று பெரியார் நூற்றாண்டு பாலிடெக்னிக் வந்தது. 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்தது. அதே ஆண்டில் திருமலைசமுத்திரத்தில் சண்முகா பொறியியல் கல்லூரி. இன்றைய சாஸ்த்ரா அதுதான். 1988இல் வல்லத்தில் பெண்களுக்கான பொறியியல் கல்லூரி. 1996இல் மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் ஏ.வி.சி. பொறியியல் கல்லூரி. பிறகு எண்ணி முடியவில்லை. நாற்றங்கால் போல நெருக்கமாக முளைத்தன. இவற்றால் எத்தனையோ விவசாயக் குடும்பங்கள் தலைநிமிர்ந்தன என்பதை மறுப்பதற்கில்லை. முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு வல்லம் செய்தது பெரிய காரியம். ஆனால் 2010க்குப் பின் பல கல்லூரிகளில் இடம் நிரம்பவில்லை, சில மூடியே போயின. சரக்கு தேங்கினால் கிடங்கில் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு கல்லூரிகளுக்கு நடுவே, அரிசி ஆலையின் வயிற்றில் பிறந்த ஒரு நிறுவனம் நம் ஊரிலேயே இருக்கிறது. அதைப் பற்றி நம் வியாபாரிகள் பலர் சரியாக அறியவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இன்றைய திருவாரூர், நாகை, மயிலாடுதுறை எல்லாம் ஒரே தஞ்சை மாவட்டமாக இருந்த காலம். 1960இல் போர்டு அறக்கட்டளை உதவியுடன் தீவிர விவசாயத் திட்டம் இங்கே வந்தது. விளைச்சல் கூடியது. பழைய ஆலைகள் ஈடுகொடுக்கவில்லை. ஹல்லரில் அரைத்தால் அரிசி உடையும், தவிட்டில் உமி கலந்துவிடும், அந்தத் தவிட்டில் எண்ணெய் எடுக்க முடியாது. தொட்டியில் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறிய நெல்லின் நாற்றம் தெருக்கோடி வரை வீசும். திருவாரூரில் கூட்டுறவுத் துறையில் நவீன அரிசி ஆலை வந்தது. அந்த ஆலைக்குள் 1967இல் தரம் பார்க்க ஒரு சிறு ஆய்வுக்கூடம் வைத்தார்கள். அதுதான் விதை. 1972இல் அது நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக உயர்ந்தது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராக இருந்த டாக்டர் வி. சுப்ரமணியன், ஓய்வுக்குப் பின் இந்தப் பணியில் இறங்கினார். குறைந்த நேரம் ஊறவைத்து, அழுத்த நீராவியில் நெல்லை அவிக்கும் முறையை அங்கே வகுத்தார்கள். ரப்பர் ரோலர் வந்து உமி தனியாக, தவிடு தனியாகப் பிரிந்ததால் தவிட்டுக்கு ஒரு விலை வந்தது. அதுவரை தவிடு மாட்டுக்குத்தான்.

பின்னர் தஞ்சாவூருக்கு வந்த அந்த மையம் 2017இல் இந்திய உணவுப் பதன தொழில்நுட்பக் கழகம் ஆயிற்று. 2021இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகி, நிப்டெம் என்ற பெயரில் புதுக்கோட்டை சாலையில் இயங்குகிறது. பி.டெக்., எம்.டெக்., ஆராய்ச்சிப் படிப்பு என்று வட இந்தியப் பிள்ளைகளும் வந்து படிக்கிறார்கள். உணவுப் பொருள் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. தொழில் தொடங்குவோருக்குக் குறுகிய காலப் பயிற்சியும் தருகிறார்கள். நம் கீழவாசல் கடைகளிலிருந்து ஆட்டோவில் போகும் தூரம்.

மேல்படிப்புக்கு இப்படி ஓர் இடம் இருக்க, நடுவில் உள்ள படிதான் காணவில்லை. சென்ற ஆண்டு தாளடி நெல் குவிந்த நேரத்தில், எங்களுக்குச் சரக்கு தரும் ஓர் ஆலையில் சார்டெக்ஸ் நின்றுபோனது. மெக்கானிக் வர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் எடைமேடையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்த இளைஞர் மின்னணுவியல் பட்டதாரி. நான்கு வருடப் படிப்பில் இப்படி ஒரு இயந்திரத்தைத் திறந்து காட்டியதில்லை என்றார். அவர்மேல் குற்றம் இல்லை. நெல் விளையும் ஊரின் கல்லூரியில் நெல் இயந்திரம் ஒன்று பாடத்தில் இல்லை என்பதுதான் விசித்திரம்.

அரசும் சும்மா இல்லை. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கும் திட்டத்துக்கு 2022இல் ஒப்பந்தம் ஆயிற்று. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதலும், ஆண்களுக்கு 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் உதவி வருகிறது. ஐ.டி.ஐ., டிப்ளமோ சேர்ந்தாலும் அது உண்டு. ரோபோ, சி.என்.சி., மின்சார வண்டி என்று புதுப் பாடங்கள் வந்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் ஓசூரையும் ஸ்ரீபெரும்புதூரையும் மனதில் வைத்து அமைத்தது போல எனக்குத் தோன்றுகிறது. பாய்லர், டிரையர், சார்டெக்ஸ் என்று கேட்க வேண்டியது இந்தப் பக்கத்து ஆலைக்காரரும் மண்டிக்காரரும்தான். கேட்காத கடையில் யாரும் சரக்கு இறக்குவதில்லை.

விருதுநகர் வணிகர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மகமையும், வீட்டுக்கு வீடு பிடியரிசியும் வசூலித்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்ததே. நம்மிடம் கட்டடம் கட்டச் சொல்லி இன்று யாரும் கேட்கவில்லை. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் நமக்கு இடம் இருக்கிறது. 2019இல் வந்த விதிப்படி 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் பழகுநர் வைப்பது கட்டாயம். 4 பேர் முதல் 29 பேர் வரை உள்ள இடங்களில் விருப்பம். 2016இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை அரசு ஏற்பதாக வைத்தார்கள். நம் ஆலைகளில் பெரும்பாலானவை அந்த விருப்பப் பட்டியலில்தான் வரும்.

ஒரு சிறிய ஆலை தனியாக ஒரு பையனை ஆண்டு முழுவதும் வைத்துப் பயிற்சி கொடுப்பது சிரமம், ஒத்துக்கொள்கிறேன். நான்கைந்து ஆலைகள் சேர்ந்தால் முடியும். ஒன்றில் பாய்லர், இன்னொன்றில் சார்டெக்ஸ், மற்றொன்றில் மோட்டார் என்று மாறி மாறி நிற்கலாம். பெயர்ப் பதிவை நம் சங்க அலுவலகமே பார்த்துக்கொள்ளலாம். குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் வந்து களம் நிறைந்த பிறகு யாருக்கும் சொல்லித்தர நேரம் இராது. ஆகவே பையன்களை ஆவணிக்குள் சேர்த்துவிட வேண்டும்.