டிரைவரைப் புதுப்பிக்கலாமா?

மாரிக்குப்பத்தில் இரயிலேறி நாள்தோறும் பெங்களூர் சென்று மீளும் தங்கவயல் இளைஞர் சிலர், இரயில்வே எழுத்தராகிய நம்மிடம் வண்டி நேரத்தோடு இதனையும் வினவுகின்றனர்: "அண்ணா, டிரைவரைப் புதுப்பிக்கச் சொல்லிக் கணினி கேட்கிறதே, செய்யலாமா?"

டிரைவர் என்பது கணினிக்கும் அதன் உறுப்புகளுக்கும் இடையே நின்று பேசும் துபாஷி. ஒழுங்காகப் பேசும் துபாஷியை மாற்றுவானேன்? தங்கையின் கல்லூரி விண்ணப்பத்திற்குக் கடைசி நாளன்று, நன்றாயிருந்த வைஃபைக்குப் புதிய டிரைவரை ஏற்றினோம். இணையம் அற்றுப்போயிற்று. தங்கை அழுதாள். 'டிவைஸ் மானேஜர்' பகுதியில் 'ரோல் பேக்' பொத்தானைக் கண்டு பழையதை மீட்டபோது, எஞ்சியது அரைமணி நேரமே. விண்ணப்பம் சேர்ந்தது.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளின் டிரைவருக்கு அனுப்பிய கோப்பிலிருந்த பிழையால், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் விமான நிலையங்களில் போர்டிங் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர். (பேனா பிடித்துப் பிழைக்கும் நமக்கு அதில் சிறிது பெருமையே.)

அதற்காக என்றுமே தொடாதிருத்தலும் தகாது. 2009 முதல் டெல் கணினிகளுக்கு வழங்கப்பட்ட ஒரு டிரைவரின் பாதுகாப்புக் குறை 2021-இல்தான் வெளிப்பட்டது. அத்தகைய திருத்தத்தை ஏற்றே ஆகவேண்டும். விண்டோஸ் அப்டேட் வழியாகவோ, கணினி செய்தவரின் தளத்திலிருந்தோ மட்டும் பெறுக. விளம்பரத்தில் வரும் 'டிரைவர் அப்டேட்டர்' எதுவும் வேண்டா. விண்ணப்ப நாளில் அன்று, அவசரமற்ற ஞாயிறு காலையில் செய்க.