தெளிப்பானும் தரைக்கல்லும்

திண்டுக்கல்லின் புதிய குடியிருப்புகளில், சாணம் தெளித்துக் கோலமிட்ட மண்வாசல் மறைந்து, அதன் ஸ்தானத்தில் பேவர் பிளாக் என்று எல்லோரும் சொல்லும் சிமெண்டுக் கல் பரவிவரும் இந்நாளில், அக்கல்லின் மேல் சீலர் என்னும் காப்புத் திரவத்தை அடிப்பதற்கு, தோட்டத்தில் மருந்தடிக்கும் முதுகுத் தெளிப்பானையே இரவல் வாங்கி வருவது சுலபமென்று பலருக்கும் தோன்றுகிறது. நிலக்கோட்டையின் மல்லிகைத் தோட்டங்களும் சிறுமலை அடிவாரத்துத் திராட்சைப் பந்தல்களும் நிறைந்த இப்பிரதேசத்தில் அக்கருவிக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அது இவ்வேலைக்கு உதவுமா என்பது, அதனுள் ஊற்றப்போகும் திரவத்தின் குணத்தைப் பொறுத்தது.

திராட்சை பயிரிடுவோருக்கு இது புதிய செய்தியன்று. திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கு மருந்தாக, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையைப் பற்றி பிரெஞ்சு தாவர சாஸ்திரி மில்லார்டே 1885-ல் உலகுக்கு அறிவித்தார். அதைத் தயாரிக்கிறவர் துத்தக் கரைசலை இரும்புப் பாத்திரத்தில் வைப்பதில்லை. பளபளப்பான கத்தியைக் கலவையில் சிறிது நேரம் தோய்த்துப் பார்த்து, அதன்மேல் செம்பு படிந்து சிவந்தால், சுண்ணாம்பு போதவில்லையென்று கண்டுகொள்கிறார்.

சீலரின் விஷயத்தில் இரும்புக்குப் பதிலாக ரப்பர்தான் அகப்பட்டுக்கொள்கிறது. தண்ணீரில் கரைத்த சீலரைச் சாதாரண பிளாஸ்டிக் தெளிப்பான் தாங்கும். சைலீன் போன்ற கரைப்பானில் கலந்த அக்ரிலிக் சீலரோ அப்படிப்பட்டதன்று; கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்து உண்டான சைலீனுக்கு, அதே மூலகங்களாலான ரப்பரின் மேல் ஒருவித பந்துத்துவம் உண்டாகையால், அது வாஷருக்குள் ஊறிப் புகுந்து, அதை உப்பச்செய்து, பம்பு இறுகி நிற்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஃப்ளோரின் சேர்ந்த விட்டான் வாஷர்தான் அதை எதிர்த்து நிற்கும். தொட்டியும் உலோகமாக இருப்பதே உத்தமம். சைலீன் ஆவி எளிதில் தீப்பற்றக் கூடியது. ஆகவே பேட்டரித் தெளிப்பானை விட்டு, கையால் அடிக்கும் பம்பையே கொள்ளுங்கள். மூக்குக்கு ஆவி தடுக்கும் கவசமும் அவசியம்.

அடுத்தது நாசில். இலையின் அடிப்புறம் வரை சென்று படிவதற்காகத் தோட்டத்தில் கூம்பாகச் சிதறும் நாசிலை வைக்கிறோம். தரைக்கு, விசிறிபோல் தட்டையாகப் பரப்பும் நாசில் வேண்டும். அதிகமாக அடித்தால் விரைவில் முடியுமென்று பம்பை வேகமாக இயக்குவது வீண் பிரயாசை: ஒரே துவாரத்தின் வழியே இருமடங்கு திரவம் வெளியேற நாலு மடங்கு அழுத்தம் வேண்டும், அந்த அழுத்தத்தில் துளிகள் நுண்மையாகிக் காற்றோடு போய்விடும். ஆடிக் காற்று வீசும் இச்சமவெளியில் இது பெரிய நஷ்டம்.

சித்திரை வெயிலில் நடுப்பகலில் அடித்தால் கரைப்பான் கல்லைத் தொடுமுன்னே ஆவியாகி, அக்ரிலிக் நூலாம்படை போல் இழையிழையாக நிற்கும். காலைக் குளிர்ச்சியே தகுந்த வேளை. ஐப்பசி மழையில் நனைந்த கல்லுக்கு மேல் பூசுவதும் தகாது. ஈரம் பூச்சுக்கடியில் சிறைப்பட்டு வெண்மையாக மங்கும். சிமெண்டிலுள்ள சுண்ணாம்பு ஜலத்தோடு மேலே வந்து, காற்றின் கரியமில வாயுவோடு கூடிப் பூக்கும் வெள்ளை உப்பையும் முன்னதாகவே கழுவியிருக்க வேண்டும்.

வேலை முடிந்த அந்த க்ஷணமே கருவியைச் சுத்தம் செய்வதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. தண்ணீர் சீலருக்குத் தண்ணீராலும், கரைப்பான் சீலருக்கு அதே கரைப்பானாலும் தொட்டி, குழாய், நாசில் மூன்றையும் அலசி, சிறிது திரவத்தை அடித்து வெளியேற்றுங்கள். அடைத்த நாசிலை ஊசியால் குத்தினால் துவாரம் அகன்று, விசிறி கோணலாகும். மிருதுவான பிரஷ் போதும். புதிய நாசிலைவிடப் பத்தில் ஒரு பங்கு அதிகமாகத் திரவம் வந்தால், அதை மாற்றிவிடுங்கள்.

களைக்கொல்லி அடித்த தெளிப்பானைத் தரைக்கோ, சீலர் அடித்ததை மல்லிகைக்கோ ஒருபோதும் கொண்டுபோக வேண்டாம். சீலருக்கென்று தனியாக ஒன்று வாங்கி, அதன் தொட்டியில் பெயின்டால் பெரிதாக எழுதி வையுங்கள்.