ஒரே நாளுக்கு 34½ மணி நேரம்!

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?

"இருபத்து நான்கு" என்று பள்ளிக்கூடத்துப் பையனும் சொல்லிவிடுவான். ஆனால் ஓசூரிலிருந்து அமெரிக்காவுக்கு ஆகாய விமானத்தில் போகிறவருக்கு ஒரே தேதி 34½ மணி நேரம் நீடிக்கிறது!

இது எப்படி? அந்த நீண்ட நாளில் பிரயாணி எங்கே ஏமாந்து போகக்கூடும்?

மகளின் பிரசவத்துக்கு உதவியாக இருக்க, ஓசூரிலிருந்து ஓர் அம்மாள் தனியாகப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஜனவரி. துபாயில் ஒரு விமானம் மாற வேண்டும். நியூயார்க்கில் இன்னொன்று மாற வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததும் போச்சு!

முதல் கண்டம்

விமானம் பெங்களூரில் அதிகாலை 4 மணிக்கு. ஆனால் பிரயாணம் முதல் நாள் இரவே தொடங்கிவிடுகிறது.

முன்பு விமான நிலையம் பெங்களூர் நகருக்குள் இருந்தது. 2008-ம் ஆண்டு மே மாதம் அது தேவனஹள்ளிக்குப் போய்விட்டது. ஓசூர் பெங்களூருக்குத் தெற்கே, தேவனஹள்ளி வடக்கே. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி, பெங்களூரைக் கடந்து, ஏறத்தாழ 80 கிலோ மீட்டர் போக வேண்டும். நெரிசலில் சிக்கினால் கார் நகராது!

வெளிநாட்டு விமானத்துக்குப் பெட்டிகளை வாங்கும் கவுண்டரைப் பெரும்பாலும் 1 மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். எனவே 3 மணி நேரம் முன்னதாகவே அங்கே இருப்பது நல்லது. இரவு 9 மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டால் கவலை இல்லை.

ஓசூருக்கே ஒரு விமான நிலையம் வரும் என்று 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் சட்டசபையில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். 2,000 ஏக்கர் பரப்பில், ஆண்டுக்கு 3 கோடி பிரயாணிகள் வந்து போகும் வகையில் அமைப்பது திட்டம். அது வந்துவிட்டால் இந்த முதல் கண்டம் நீங்கும்.

கடிகாரம் செய்யும் குழப்பம்

விமானம் துபாயில் இறங்குகிறது. அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மணி 8!

அடுத்த விமானம் 8.20-க்கு. "ஐயோ! இருபதே நிமிடம்தானா?" என்று நெஞ்சு படபடக்கிறது.

பயப்பட வேண்டாம். அது ஓசூர் நேரம். துபாய் நேரம் நம்மைவிட 1½ மணி பின்னால் இருக்கிறது. அங்கே இப்போது காலை 6.30 தான். டிக்கெட்டில் உள்ள நேரமெல்லாம் அந்தந்த ஊர் நேரமே. இறங்கியதும் கடிகாரத்தைத் திருத்திவிட வேண்டும்.

அப்படியானால் 1 மணி 50 நிமிடம் இருக்கிறதா? அதுவும் இல்லை! விமானத்தை விட்டு வெளியே வரக் கால் மணி ஆகும். அடுத்த விமானத்தின் 'கேட்' என்னும் வாசலை 20 நிமிடம் முன்பே அடைத்துவிடுவார்கள். மிச்சம் 1¼ மணி. அதற்குள் மறுபடியும் சோதனை; நீண்ட நடை. சில வாசல்களுக்கு நிலையத்துக்குள்ளேயே ரெயிலில் போக வேண்டும்! கடைகளை வேடிக்கை பார்க்க நேரம் இல்லை.

வயதானவர்களுக்கும் மொழி தெரியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. டிக்கெட் வாங்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிட வேண்டும். நிலையத்து ஊழியரே அடுத்த வாசல் வரை கொண்டுபோய் விடுவார்.

நாள் நீள்வது ஏன்?

துபாயிலிருந்து நியூயார்க்குக்கு ஏறத்தாழ 14 மணி நேரம். ஆனால் இறங்கும்போது அங்கே பகல் 1.20 தான்! தேதியும் மாறவில்லை.

காரணம் இதுதான். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. விமானமோ மேற்கே, சூரியன் போகும் திசையிலேயே பறக்கிறது. சூரியனைத் துரத்திக்கொண்டு போவதால் பொழுது சாய நேரமாகிறது. ஜனவரியில் நியூயார்க் நேரம் நம்மைவிட 10½ மணி பின்னால் இருக்கிறது. 24-ம் 10½-ம் சேர்ந்தால் 34½! திரும்பி வரும்போது இந்தக் கடனைக் கொடுத்துவிட வேண்டும். நாள் சுருங்கிவிடும்.

பெட்டி எங்கே?

நியூயார்க்கில் இறங்கியதும் குடியேற்ற அதிகாரி கேள்வி கேட்பார். பிறகு, உள்நாட்டு விமானம் மாறுகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியை எடுத்து, சுங்கச் சோதனை முடித்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். இதற்கு 3 மணி நேரமாவது கையில் இருக்கட்டும்.

ஊறுகாய் பாட்டிலைக் கைப்பையில் வைக்காதீர்கள். 100 மில்லி லிட்டருக்கு மேல் இருந்தால் சோதனையில் பறிபோகும். மருந்தையும் மகளின் முகவரியையும் மட்டும் கைப்பையை விட்டு எடுக்காதீர்கள்.

ஒரே டிக்கெட்!

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. மூன்று விமானத்துக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்க வேண்டும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், விமானக் கம்பெனியே வேறு விமானத்தில் இடம் கொடுத்து அனுப்பும். சில ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று தனித்தனியாக வாங்கினால், தவறிய டிக்கெட் பெரும்பாலும் வீண்தான். அன்னிய ஊரில், புதிதாக டிக்கெட் வாங்கப் பணத்துக்கு எங்கே போவது?

1948-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி பம்பாயிலிருந்து லண்டனுக்கு முதல் ஏர்-இந்தியா விமானம் கிளம்பியது. கெய்ரோ, ஜெனீவா ஆகிய ஊர்களில் நின்று போயிற்று. ஆனாலும் ஒரே விமானம். மாறும் தொல்லை இல்லை. இன்று விமானங்களுக்குக் குறைவில்லை. மாறும் நேரத்தைத்தான் நாம் கணக்குப் பார்க்க வேண்டும்.

மாலை 7.30. அம்மாள் மகள் வீட்டு வாசலில் நிற்கிறார். "வந்து சேர்ந்துவிட்டேன்" என்று ஊருக்குப் போன் செய்கிறார். ஓசூரிலோ மறுநாள் காலை மணி 6. அடுப்பில் பால் பொங்குகிறது. இரவெல்லாம் போனையே பார்த்துக்கொண்டிருந்த வீடு, அப்போதுதான் நிம்மதியாகக் காப்பி குடிக்கிறது!