சதுரம் என்றால் சதுரமா, செவ்வகமா? பாறசாலை எல்லையில் கணக்குப் பாடம் தடுமாறும் இடம்

முதலில் ஒரு சின்ன டெஸ்ட். மலையாளத்தில் பத்தாம் வகுப்புக் கணக்கு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி இது. எழுத்தை மட்டும் தமிழுக்கு மாற்றியிருக்கிறேன். படித்துப் பாருங்கள்:

"ஒரு சதுரத்தின்றெ நீளம் வீதியெக்காள் 4 சென்டிமீட்டர் கூடுதலாணு. பரப்பளவு 96 சதுரச்ர சென்டிமீட்டர். நீளவும் வீதியும் எத்ர?"

கிட்டத்தட்ட எல்லாம் புரிந்த மாதிரி இருக்குல்ல? சதுரம், நீளம், வீதி, கூடுதல், பரப்பளவு எல்லாமே நமக்குத் தெரிந்த சொற்கள்தான். ஆனால் கணக்கைப் போட உட்கார்ந்தால் முதல் வரியிலேயே நிற்பீர்கள். சதுரத்துக்கு நான்கு பக்கமும் சமம். அப்புறம் நீளம் எப்படி 4 சென்டிமீட்டர் அதிகமாக இருக்கும்? வீதி எங்கிருந்து வந்தது?

விஷயம் இதுதான். மலையாளப் பாடப்புத்தகத்தில் 'சதுரம்' என்றால் நம்முடைய செவ்வகம். நம்முடைய சதுரத்துக்கு அங்கே 'சமசதுரம்' என்று பெயர். 'வீதி' என்பது தெரு இல்லை, அகலம். இது தெரிந்தால் கணக்கு இரண்டு நிமிட வேலை. அகலத்தை 'அ' என்று வைத்துக்கொண்டால் அ × (அ + 4) = 96. அகலம் 8, நீளம் 12. முடிந்தது.

இருபடிச் சமன்பாடு தெரிந்த பிள்ளைகூட 'சதுரம்' என்ற ஒரே சொல்லில் மாட்டி மார்க்கை விடலாம். கேரளத்தின் தென்கோடியில் பாறசாலை, காரோடு, குன்னத்துக்கால், வெள்ளறடை, பொழியூர் பக்கம் இதைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. அங்கே பல வீடுகளில் பேச்சு தமிழ், பள்ளி மலையாளம், டியூஷன் இரண்டும் கலந்தது. களியக்காவிளையைத் தாண்டினால் தமிழ்நாடு. சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அத்தை மகன் அங்கே தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், மாமா மகள் இங்கே கேரளப் பாடத்திட்டம். பரீட்சை சமயத்தில் ஒருவருக்கொருவர் சந்தேகம் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லை எப்படி இங்கே வந்தது?

1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கிடைக்கவில்லை. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் போல அதுவும் கேரளத்திலேயே நின்றது. விளவங்கோட்டுக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே மாநில எல்லை விழுந்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம் பேர். மாநில மக்கள்தொகையில் ஏறக்குறைய 1.5 சதவீதம். டேட்டாவோடு வேலை செய்கிறவள் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை: இந்த எண்ணை வைத்து எல்லைக் கிராமங்களை அளக்க முடியாது. சென்சஸ் ஒருவருக்கு ஒரு தாய்மொழியைத்தான் பதிவு செய்யும். பாட்டியிடம் தமிழும் டீச்சரிடம் மலையாளமும் பேசுகிற பிள்ளை அந்த அட்டவணையில் ஏதாவது ஒரு பக்கம்தான் போய் விழும்.

மூன்று கலர்

இந்தக் கட்டுரைக்காகத் தமிழ்நாட்டுப் பாடநூல் சொற்களையும் மலையாளப் பாடநூல் சொற்களையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் எதிரெதிரே போட்டு, மூன்று கலர் அடித்தேன்.

பச்சை, ஒன்றாகவே இருப்பவை. இது நான் நினைத்ததைவிட நீளமாக வந்தது. சுற்றளவு அங்கே 'சுற்றளவ்'. பரப்பளவு 'பரப்பளவ்'. ஆரம் ஆரமேதான், கர்ணமும் கர்ணமேதான். வட்டத்தின் நாண் அங்கே 'ஞாண்'. ஒற்றை எண் 'ஒற்றசங்க்ய', இரட்டை எண் 'இரட்டசங்க்ய'. வர்க்கமூலம் 'வர்கமூலம்'. பொது வித்தியாசம் 'பொதுவ்யத்யாசம்'. அரை, கால், முக்கால் இரண்டு பக்கமும் புழங்குகின்றன. மாகாணி, காணி, முந்திரி என்ற பழைய பின்னக் கணக்கும் இரண்டு மொழிக்கும் பொதுச் சொத்து.

மஞ்சள், சுத்தமாக வேறாக இருப்பவை. சமன்பாடு அங்கே 'சமவாக்யம்'. விட்டம் 'வ்யாசம்'. வகுத்தல் 'ஹரணம்'. காரணி 'கடகம்'. பல்லுறுப்புக்கோவை 'பஹுபதம்'. நிகழ்தகவு 'சாத்யத'. கூட்டுத் தொடர்வரிசை 'சமாந்தரச்ரேணி'. நம் இணைகோடுகளும் அங்கே 'சமாந்தர வரகள்'தான். சம அந்தரம், அதாவது சமமான இடைவெளி. கோட்டுக்கும் பொருந்துகிறது, எண் வரிசைக்கும் பொருந்துகிறது. இந்தச் சொற்கள் பயமுறுத்தும், ஆனால் ஏமாற்றாது. தெரியாத சொல் என்று பிள்ளைக்கே தெரியும், யாரிடமாவது கேட்டுவிடும்.

சிவப்புதான் சிக்கல். ஒரே சொல், வேறு பொருள். சதுரமும் வீதியும் பார்த்தாயிற்று. 'கூடுதல்' இன்னொன்று. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் "இரு எண்களின் கூடுதல் 25" என்றால் இரண்டையும் கூட்டி வருவது. மலையாளத்தில் அதற்கு 'துக' என்பார்கள். 'கூடுதல்' என்றால் அதிகம் என்று மட்டும்தான் பொருள். இடமதிப்பு அங்கே 'ஸ்தானவில'. அதாவது நாம் மதிப்பு என்கிற இடத்தில் அவர்கள் 'வில' என்கிறார்கள். நம் காதுக்கு ஏதோ காய்கறிக் கடை மாதிரி இருக்கும்.

என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்த சொல் 'பகுதி'. தமிழ்நாட்டுக் கணக்கில் பின்னத்தின் கீழே இருப்பது பகுதி, மேலே இருப்பது தொகுதி. மலையாளத்தில் 'பகுதி' என்றால் பாதி. "பகுதியைக் கண்டுபிடி" என்று சொன்னால் முக்காலில் ஒரு பிள்ளை 4 என்று எழுதும், இன்னொன்று எட்டில் மூன்று என்று எழுதும். இரண்டு பேரும் அவரவர் மொழியில் சரி. பின்னத்தின் மேல் எண்ணுக்கு மலையாளத்தில் 'அம்சம்', கீழ் எண்ணுக்கு 'சேதம்'. நமக்கு அம்சம் என்றால் ஒரு திட்டத்தின் சிறப்பு, சேதம் என்றால் வெள்ளச் சேதம்.

ஆனால் இதே 'பகுதி'யைக் கொஞ்சம் சுரண்டினால் ஒரு நல்ல விஷயம் கிடைக்கிறது. வேர்ச்சொல் 'பகு', பிரி என்று பொருள். பகுக்க முடிந்தது பகு எண். பகுக்க முடியாதது பகா எண். மலையாளத்தில் பிரிப்பதற்குப் 'பகுக்குக' என்ற வினை இருக்கிறது, இரண்டாகப் பகுத்தால் 'பகுதி', அதுதான் பாதி. பகா எண்ணுக்கு அங்கே 'அபாஜ்யசங்க்ய' என்று சம்ஸ்கிருதச் சொல். அதற்கும் பிரிக்க முடியாத எண் என்றுதான் அர்த்தம். மூன்று சொல்லையும் ஒரே கயிற்றில் கட்டிச் சொல்லிக்கொடுத்தால் எல்லைக் கிராமத்துப் பிள்ளைக்கு அது மறக்காது. ஒரு மொழி மட்டும் தெரிந்த சென்னைப் பிள்ளைக்கு இந்த வசதி கிடையாது.

செங்கோணமும் அப்படித்தான். மலையாளப் பாடத்தில் அது 'மட்டகோண்'. கொத்தனார் சுவர் மூலையில் வைத்துப் பார்ப்பாரே, அந்த மூலைமட்டத்தில் இருக்கும் மட்டம்தான். எனக்கு இது செங்கோணத்தைவிடப் பிடித்திருக்கிறது.

ஏன் இவ்வளவு வேறுபாடு?

இரண்டு மொழிகளும் கலைச்சொல்லுக்கு வேறு வேறு வழியில் போயின. ஜ்யேஷ்டதேவர் 16-ஆம் நூற்றாண்டில் மலையாளத்தில் எழுதிய 'யுக்திபாஷா' காலத்திலிருந்தே கேரளக் கணிதம் சம்ஸ்கிருதச் சொற்களோடு நெருக்கமாக வளர்ந்தது. தமிழில் 1916-இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து அறிவியல் கலைச்சொற்களுக்காகவே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு வந்த பல குழுக்களின் போக்கு மெல்ல மெல்லத் தமிழ் வேர்களை நோக்கித் திரும்பியது. திரிகோணமிதி முக்கோணவியல் ஆனது அப்படித்தான். மலையாளத்தில் அது இன்றும் 'த்ரிகோணமிதி'.

தமிழுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முக்கோணம் இலங்கைப் பாடநூலில் முக்கோணி. நாம் கணம் என்பது அங்கே தொடை. சராசரி, இடைநிலை அளவு, முகடு என்று நாம் படித்த மூன்றும் அங்கே இடை, இடையம், ஆகாரம். இடைக்கும் இடையத்துக்கும் நடுவே தடுமாறாத மாணவர் உண்டா என்று தெரியவில்லை. மலையாளத்திலும் அதே கதை: 'மாத்யம்' சராசரி, 'மத்யமம்' இடைநிலை.

இங்கிலீஷ் மீடியத்தில் போட்டால் சரியாகிவிடாதா?

இந்தக் கேள்வியைத்தான் பெற்றோர் அதிகம் கேட்கிறார்கள். சரியாகாது, இடம் மாறும். நாம் சரிவகம் என்று சொல்லும் வடிவத்துக்கு பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ட்ரபீசியம் என்று பெயர். அமெரிக்க ஆங்கிலத்தில் அதுவே ட்ரபிசாய்டு. அமெரிக்காவில் ட்ரபீசியம் என்றால் எந்த இரு பக்கமும் இணையாக இல்லாத நாற்கரம். நம் சதுரம்-செவ்வகக் குழப்பத்தின் அச்சு அசல் இது, அதுவும் ஒரே மொழிக்குள். அமெரிக்க யூடியூப் சேனல் பார்த்துப் படிக்கிற பிள்ளைக்கு இது வரும்.

'சைன்' என்ற சொல்லே ஒரு மொழிபெயர்ப்புத் தவறு. சம்ஸ்கிருதத்தில் 'ஜ்யா', வில்லின் நாண். அரபியில் அதை ஒலிபெயர்த்து 'ஜிபா' என்றார்கள். பிறகு அதே எழுத்துகளை 'ஜைப்' என்று வாசித்து, மடிப்பு என்று பொருள்கொண்டு, லத்தீனில் 'சைனஸ்' ஆக்கினார்கள்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. கேரளத்தில் பத்தாவது வரை தாய்மொழியில் படித்தாலும் ப்ளஸ் ஒன் கணக்குக்கு ஆங்கில என்.சி.இ.ஆர்.டி. புத்தகம்தான். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்த பிள்ளைக்கு 16 வயதில் மூன்றாவது சொல் பட்டியல் வந்து சேரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியலமைப்பின் 350ஏ பிரிவு மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வசதி தரச் சொல்கிறது. 1956-இல் ஏழாவது திருத்தத்தில் வந்த பிரிவு. ஆனால் அது பேசுவது தொடக்கக் கல்வியை மட்டும். கணக்கில் கலைச்சொல் மழை கொட்டுவதோ அதற்குப் பிறகு.

கேரளம் ஒரு படி மேலே போயிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாநிலக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் தமிழிலும் கன்னடத்திலும் பாடநூல் அச்சிடுகிறது. எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாளும் அந்த மொழிகளில் உண்டு. ஆனால் எல்லைப் பகுதியில் தமிழ் பேசும் எல்லாப் பிள்ளைகளும் தமிழ் மீடியத்தில் இல்லை. தமிழ் மீடியத்தில் இருப்பவர்களுக்கும் பாடத்திட்டம் கேரளத்துடையது. நெட்டில் தேடினால் வரும் தமிழ் வீடியோக்களோ பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். 2017-இல் கேரளம் எல்லாப் பள்ளிகளிலும் மலையாளம் கற்பதைக் கட்டாயமாக்கியது. 2006-இல் தமிழ்நாடு தமிழைக் கட்டாயமாக்கியது. குமரி மாவட்டத்து மலையாள மீடியம் பிள்ளைகளுக்கு இதே கதை தலைகீழாக நடக்கிறது. இரண்டு சட்டமும் மொழிப் பாடத்தைப் பற்றியவை. கணக்குச் சொற்களுக்கு ஒரு இருமொழிப் பட்டியலைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட எந்தச் சட்டமும் தேவையில்லை. நான்கைந்து பக்கத்து வேலை.

நீங்கள் என்ன செய்யலாம்?

பெங்களூருவிலோ டெக்னோபார்க்கிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் இருக்கும் தம்பி தங்கைக்கு வாட்ஸ்அப்பில் கணக்கு சொல்லிக்கொடுப்பவராக நீங்கள் இருந்தால், விடையை அனுப்புவதற்கு முன் எந்தப் புத்தகம், எந்த மீடியம் என்று கேளுங்கள். கேள்வியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், வாயால் சொல்ல வேண்டாம். வாயால் சொல்லும்போதுதான் சதுரம் சதுரமாகிவிடுகிறது. வடிவியல் கணக்கு என்றால் முதலில் படம் வரையச் சொல்லுங்கள். பிள்ளை வரைந்த படம் நீங்கள் நினைத்த படம்தானா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிவப்புச் சொற்களை மட்டும் எழுதி வைத்தால் போதும், பச்சையும் மஞ்சளும் தானாக வந்துவிடும்.

கேரள எஸ்.எஸ்.எல்.சி. கணக்குத் தேர்வு இரண்டரை மணி நேரம். அதற்கு முன் 15 நிமிடம் 'கூல் ஆஃப் டைம்' என்று வினாத்தாளை வாசிக்க மட்டும் தருகிறார்கள். பலர் எந்தக் கேள்வியை முதலில் எழுதலாம் என்று யோசிப்பதிலேயே அதைச் செலவழிக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் அந்த 15 நிமிடத்தில் முதல் ஐந்தை, சதுரம், வீதி, கூடுதல், பகுதி எங்கெங்கே வருகிறது என்று தேட ஒதுக்கச் சொல்லுங்கள்.